மின்னஞ்சல் சேவையகம் நிறுவுகையில் எழும் அடைவு இணக்கச் சிக்கல்கள்: எக்ஸ்சேஞ்ச் – ஆக்டிவ் டைரக்டரி வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்களில் மின்னஞ்சல் சேவையக மென்பொருளை நிறுவும் பணி, அம்மென்பொருளின் குறையால் தடைப்படுவதைவிட, அது சார்ந்து நிற்கும் அடைவின் நிலையால் தடைப்படுவதே மிகுதி. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சேவையகம் ஆக்டிவ் டைரக்டரி என்னும் அடைவின்மீது நிறுவப்படும்பொழுது தோன்றும் இணக்கச் சிக்கல்களை இக்கட்டுரை வகைப்படுத்தி, ஒவ்வொன்றின் காரணத்தையும், அதனைக் கண்டறியும் முறையையும், தீர்க்கும் வரிசையையும் விளக்குகிறது. நிறுவலின்போது அடைவில் செய்யப்படும் ஸ்கீமா விரிவாக்கம் நீக்க இயலாதது. ஆகவே நிறுவல் நிரல் காட்டும் தடைச்செய்திகளைச் சுற்றிச் செல்லாமல், அவற்றை அடைவின் உடல்நிலை பற்றிய அறிக்கையாகப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மின்னஞ்சல் சேவையகம், அடைவு, ஆக்டிவ் டைரக்டரி, எக்ஸ்சேஞ்ச், ஸ்கீமா, நகலாக்கம், இணக்கம்.

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் பணியாளர் யார், அவருடைய கடவுச்சொல் எது, அவர் எந்தக் குழுவில் உள்ளார், எந்தக் கணினியில் நுழையலாம் என்பன போன்ற செய்திகளை ஓரிடத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் தரவுத்தொகுப்பே அடைவு எனப்படும். கோப்புகளை இட்டு வைக்கும் கோப்புறையையும் சிலர் அடைவு என்று வழங்குவதுண்டு. இக்கட்டுரையில் அடைவு என்னும் சொல் முன்னைய பொருளிலேயே ஆளப்படுகிறது.

மின்னஞ்சல் சேவையகத்தை நிறுவ முற்படுவோர் பலரும் வன்பொருள், நினைவகம், வட்டின் அளவு ஆகியவற்றைக் கவனமாகத் திட்டமிடுகின்றனர். அடைவு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதால் அதனைப் பற்றி எண்ணுவதில்லை. நிறுவல் நிரலோ தன் முதல் சோதனைகளிலேயே அடைவை நோக்கித்தான் திரும்புகிறது. பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளாக யாரும் திறந்து பாராத பகுதிகள் அப்பொழுது வெளிப்படுகின்றன. ஓய்வுபெற்ற சேவையகத்தின் எஞ்சிய பதிவு, நின்றுபோன நகலாக்கம், பிழையான பெயர்த்தீர்வு முகவரி முதலியன ஒரே மாலையில் சிக்கலாகத் திரண்டு நிற்கின்றன.

இத்தகைய மேம்படுத்தற் பணிகள் இப்பொழுது மிகுந்துள்ளன. எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரலில் முடிந்தது. 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. இவற்றின் தொடர்ச்சியாகச் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் என்னும் பதிப்பு 2025 ஜூலையில் வெளிவந்தது. பழைய பதிப்பில் தங்கிவிட்டோர் படிப்படியாக ஏறி வர வேண்டியவராயினர். ஒவ்வொரு படியிலும் அடைவின் இணக்கம் சோதிக்கப்படும் என்பதால், அவ்விணக்கத்தின் இயல்பை அறிதல் தேவையாகிறது.

1. அடைவும் மின்னஞ்சலும்: வரலாற்றுத் தொடர்பு

அடைவுக்கான பன்னாட்டுத் தரம் எக்ஸ்.500 என்னும் பெயரில் 1988இல் வெளியிடப்பட்டது. அதனை எளிமைப்படுத்தி அணுகும் நெறிமுறையாக எல்டாப் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993இல் வரையறுக்கப்பட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 1997இல் வந்தது. இன்றைய அடைவுகள் பெரும்பாலும் இந்நெறிமுறை வழியே வினவப்படுகின்றன.

1996இல் வெளிவந்த எக்ஸ்சேஞ்ச் 4.0, எக்ஸ்.500 அமைப்பைப் பின்பற்றிய தனக்கே உரிய அடைவைக் கொண்டிருந்தது. 5.5 பதிப்பு வரையிலும் இந்நிலையே நீடித்தது. அக்காலத்தில் மின்னஞ்சல் சேவையகத்தை நிறுவினால் அதன் அடைவும் உடன் நிறுவப்படும். பிற பணிகளுக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 உடன் ஆக்டிவ் டைரக்டரி வந்தது. எக்ஸ்சேஞ்சுக்காக வளர்க்கப்பட்ட தரவுத்தள இயந்திரமும் அடைவு நுட்பமும் இப்புதிய அடைவுக்கு அடித்தளமாயின. அதே ஆண்டில் வெளிவந்த எக்ஸ்சேஞ்ச் 2000, தன் சொந்த அடைவை விட்டுவிட்டு ஆக்டிவ் டைரக்டரியை முழுவதும் சார்ந்தது.

இம்மாற்றத்தின் விளைவு பெரிது. மின்னஞ்சலுக்கென்றே இருந்த அடைவு, நிறுவனம் முழுமைக்கும் பொதுவான அடைவாயிற்று. அதனால் மின்னஞ்சல் மென்பொருளுக்காகச் செய்யப்படும் ஒரு மாற்றம், சம்பளப் பிரிவின் கணினியில் நுழையும் பணியாளரையும் தொடக்கூடியதாயிற்று. இன்று நாம் காணும் இணக்கச் சிக்கல்களின் வேர் இங்கேதான் உள்ளது.

2. அடைவின் மூன்று பகுதிகள்

சிக்கலைக் கண்டறிய, அடைவின் உள்ளமைப்பைச் சிறிதளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியில் ஒன்று அல்லது பல டொமைன்கள் சேர்ந்த முழுத்தொகுதி ஃபாரஸ்ட் எனப்படும். அடைவின் நகலைத் தாங்கி நிற்கும் சேவையகம் டொமைன் கன்ட்ரோலர் எனப்படும். தரவு மூன்று முதன்மைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

முதலாவது ஸ்கீமா. அடைவில் எவ்வகைப் பொருள்கள் இருக்கலாம், ஒவ்வொன்றும் எப்பண்புகளைப் பெறலாம் என்பதை வரையறுப்பது இது. மொழிக்கு இலக்கணம் போன்றது எனலாம். இரண்டாவது கட்டமைப்புப் பகுதி. தளங்கள், சேவைகள், எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் அமைப்புகள் ஆகியன இதில் அடங்கும். இவ்விரண்டும் ஃபாரஸ்ட் முழுமைக்கும் பொதுவானவை. எல்லா டொமைன் கன்ட்ரோலர்களிலும் இவற்றின் நகல் உண்டு. மூன்றாவது டொமைன் பகுதி. பயனர், கணினி, குழு ஆகியவை இதில் இடம்பெறும்.

எக்ஸ்சேஞ்ச் நிறுவலின் ஆயத்தப் பணியும் இம்மூன்று பகுதிகளுக்கேற்ப மூன்று படிகளாக அமைந்துள்ளது. பிரிப்பேர் ஸ்கீமா என்னும் கட்டளை புதிய வகுப்புகளையும் பண்புகளையும் ஸ்கீமாவில் சேர்க்கிறது. பிரிப்பேர் ஏடி என்னும் கட்டளை கட்டமைப்புப் பகுதியில் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்துக்குரிய கொள்கலனையும், வேர் டொமைனில் பாதுகாப்புக் குழுக்களையும் உருவாக்குகிறது. பிரிப்பேர் டொமைன் என்னும் கட்டளை டொமைனுக்குள் தேவையான உரிமைகளை அமைக்கிறது. தனித்தனியே இக்கட்டளைகளை இடாவிட்டாலும், போதிய உரிமை இருப்பின் நிறுவல் நிரலே இப்பணிகளைச் செய்துவிடும். ஆயினும் பல தளங்களும் பல டொமைன்களும் கொண்ட இடங்களில் தனித்தனியே செய்வதே நன்று. எந்தப் படியில் தடை நேர்ந்தது என்பது அப்பொழுதுதான் தெளிவாகத் தெரியும்.

ஒவ்வொரு படியும் முடிந்ததும் ஒரு பதிப்பெண் அடைவில் எழுதப்படுகிறது. ஸ்கீமாப் பகுதியில் எம்எஸ்-எக்ஸ்சேஞ்ச்-ஸ்கீமா-வெர்ஷன்-பிடி என்னும் பொருளின் ரேஞ்ச் அப்பர் என்ற பண்பில் இவ்வெண்ணைக் காணலாம். எக்ஸ்சேஞ்ச் 2013இன் இறுதிப் பதிப்புகளுக்கு 15312 எனவும், 2016இன் முதல் வெளியீட்டுக்கு 15317 எனவும், 2019இன் முதல் வெளியீட்டுக்கு 17000 எனவும் இது அமையும். கட்டமைப்புப் பகுதிக்கும் டொமைன் பகுதிக்கும் ஆப்ஜெக்ட் வெர்ஷன் என்னும் பண்பில் தனித்தனி எண்கள் உண்டு. ஏடிஎஸ்ஐ எடிட் என்னும் கருவியைக் கொண்டு எதையும் மாற்றாமல் இவ்வெண்களைப் படித்துக் குறித்துக்கொள்வதே சிக்கல் தீர்ப்பின் முதற்செயலாகும்.

எக்ஸ்சேஞ்சின் எண்ணையும் விண்டோஸ் ஸ்கீமாவின் எண்ணையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விண்டோஸுக்குரிய ஸ்கீமா எண் 2008 ஆர்2க்கு 47, 2012 ஆர்2க்கு 69, 2016க்கு 87, 2019க்கும் 2022க்கும் 88. இவ்வெண் உயர்ந்திருப்பது எக்ஸ்சேஞ்சுக்கான ஆயத்தம் முடிந்துவிட்டது என்பதைக் குறிக்காது.

3. சிக்கல்களின் வகைகள்

நிறுவல் நிரலின் பிழைச்செய்திகள் பலவாயினும், அவற்றின் காரணங்களை ஆறு வகைகளுள் அடக்கலாம். கணினியின் முதன்மை வட்டில் எக்ஸ்சேஞ்ச் செட்டப் லாக்ஸ் என்னும் கோப்புறையில் உருவாகும் பதிவுக்கோப்பு, திரையில் தோன்றும் செய்தியைவிட விரிவானது. எந்த டொமைன் கன்ட்ரோலரை நிரல் தேர்ந்தெடுத்தது, எந்தச் சோதனையில் நின்றது என்பன அதில் இருக்கும். ஆகவே பிழைச்செய்தியைப் படித்தவுடன் அக்கோப்பைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

3.1 அடைவைக் காண இயலாமை

அடைவு இல்லை, அல்லது அதனைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்ற செய்தி தோன்றினால், பெரும்பாலும் அடைவு நலமாகவே இருக்கும். அதற்குச் செல்லும் வழிதான் பிழைபட்டிருக்கும். டொமைன் கன்ட்ரோலர் எங்குள்ளது என்பதை டிஎன்எஸ் என்னும் பெயர்த்தீர்வு முறையின் எஸ்ஆர்வி பதிவுகள் வழியே சேவையகம் அறிகிறது. புதிய சேவையகத்தின் டிஎன்எஸ் முகவரியாக இணையச் சேவை வழங்குநரின் முகவரியையோ பொதுப் பெயர்த்தீர்வு முகவரியையோ இட்டிருந்தால், அகப்பதிவுகள் அதற்குப் புலப்படா. இரண்டாம் முகவரியாக மட்டும் அதனை இட்டிருந்தாலும் சிக்கல் அவ்வப்போது தோன்றி மறைந்து குழப்பத்தை விளைவிக்கும்.

அடுத்துக் காண வேண்டியது கடிகாரம். கெர்பரோஸ் அடையாளச் சரிபார்ப்பு இயல்பாக 5 நிமிட வேறுபாட்டையே பொறுக்கும். மெய்ந்நிகர் கணினியின் நேரம் தாங்குகணினியின் பிழையான நேரத்தைப் பின்பற்றினால், பெயர்த்தீர்வு சரியாக இருந்தும் நுழைவு மறுக்கப்படும்.

மூன்றாவது தளம். புதிய சேவையகத்தின் ஐபி முகவரி அடங்கிய உள்வலை எந்தத் தளத்தோடும் இணைக்கப்படாதிருந்தால், அச்சேவையகம் எத்தளத்தைச் சார்ந்தது என்பதை எக்ஸ்சேஞ்சால் முடிவு செய்ய இயலாது. மேலும், எக்ஸ்சேஞ்ச் நிறுவப்படும் ஒவ்வொரு தளத்திலும் எழுதத்தக்க டொமைன் கன்ட்ரோலர் ஒன்றேனும் குளோபல் கேட்டலாக் ஆகவும் இருத்தல் வேண்டும். கிளை அலுவலகங்களில் வைக்கப்படும் படிக்க மட்டும் இயன்ற டொமைன் கன்ட்ரோலர்களை எக்ஸ்சேஞ்ச் பயன்படுத்துவதில்லை. அத்தகைய ஒன்றை மட்டுமே கொண்ட தளத்தில் நிறுவல் தடைப்படுவது இயல்பே.

3.2 செயல்நிலையும் பழைய டொமைன் கன்ட்ரோலர்களும்

எக்ஸ்சேஞ்ச் 2019, ஃபாரஸ்டின் செயல்நிலை விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருத்தலை வேண்டுகிறது. செயல்நிலை என்பது, ஃபாரஸ்டிலுள்ள எல்லா டொமைன் கன்ட்ரோலர்களும் குறைந்தது இப்பதிப்பினவே என்று நிருவாகி அளிக்கும் உறுதியாகும். அவ்வுறுதியின்மேல் மட்டுமே சில புதிய திறன்கள் இயங்கும். புதிய விண்டோஸ் சேவையகங்களைச் சேர்த்துவிட்டால் செயல்நிலை தானாக உயரும் என்று எண்ணுவது தவறு. அதனை நிருவாகியே உயர்த்த வேண்டும்.

உயர்த்த முற்படும்பொழுது மற்றொரு தடை நேரலாம். பல ஆண்டுகளுக்கு முன் பழுதாகி அகற்றப்பட்ட 2008 ஆர்2 சேவையகம் முறைப்படி பதவி நீக்கப்படாதிருந்தால், அதன் பதிவு கட்டமைப்புப் பகுதியில் எஞ்சியிருக்கும். அறையில் இல்லாத அச்சேவையகம் அடைவின் கணக்கில் இன்னும் பணியில் உள்ளது. அதனை நீக்காதவரை செயல்நிலை உயராது. என்டிடிஎஸ்யூடில் என்னும் கருவியாலோ, டொமைன் கன்ட்ரோலர்களைப் பட்டியலிடும் நிருவாகச் சாளரத்தில் கணினிப் பொருளை முறைப்படி நீக்குவதாலோ இவ்வெச்சத்தைக் களையலாம்.

விண்டோஸ் 2000 அல்லது 2003 காலத்தில் தொடங்கப்பட்டு வளர்ந்து வந்த டொமைன்களில் இன்னொரு சிக்கல் மறைந்திருக்கும். சிஸ்வால் என்னும் பகிர்கோப்புறையை அவை எஃப்ஆர்எஸ் என்னும் பழைய முறையால் நகலெடுத்துக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் சர்வர் 2019இல் அம்முறை இல்லை. ஆகவே அப்பதிப்பில் டொமைன் கன்ட்ரோலரைச் சேர்ப்பதற்கு முன், டிஎஃப்எஸ்ஆர் என்னும் புதிய முறைக்கு மாறுதல் வேண்டும். டிஎஃப்எஸ்ஆர்மிக் என்னும் கருவி இம்மாற்றத்தைத் தொடக்கம், ஆயத்தம், திருப்பம், நீக்கம் என 0 முதல் 3 வரையிலான நிலைகளில் நிகழ்த்துகிறது. ஒவ்வொரு நிலையையும் எல்லாச் சேவையகங்களும் எட்டிய பின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். இறுதி நிலைக்குச் சென்றபின் திரும்பி வர இயலாது.

3.3 உரிமையும் இடமும்

ஸ்கீமாவை விரிவாக்குவோர் ஸ்கீமா அட்மின்ஸ், என்டர்பிரைஸ் அட்மின்ஸ் ஆகிய இரு குழுக்களிலும் உறுப்பினராதல் வேண்டும். ஸ்கீமா புதுப்பிக்கப்படவில்லை, பயனருக்கு உரிமையும் இல்லை என இரு குறைகளையும் இணைத்துச் சொல்லும் செய்தி மிகப் பரவலாகக் காணப்படுவதாகும். நிருவாகி தம்மைக் குழுவில் சேர்த்துக்கொண்ட பின்னரும் அதே செய்தி தோன்றுவதுண்டு. கணினியில் நுழையும் கணத்திலேயே பயனரின் குழுப்பட்டியல் நுழைவுச்சீட்டில் எழுதப்பட்டுவிடும். இடையில் சேர்த்தது அதில் ஏறாது. வெளியேறி மீண்டும் நுழைந்து, கட்டளைச் சாளரத்தை நிருவாகி உரிமையுடன் திறந்தால் இத்தடை நீங்கும். ஹூஆம்ஐ என்னும் கட்டளையால் நடப்புச் சீட்டிலுள்ள குழுக்களை முன்னரே சரிபார்க்கலாம்.

உரிமை மட்டும் போதாது. இடமும் பொருந்த வேண்டும். ஃபாரஸ்ட் முழுமைக்கும் ஸ்கீமாவில் எழுதும் பொறுப்பு ஸ்கீமா மாஸ்டர் எனப்படும் ஒரே டொமைன் கன்ட்ரோலரிடம் உள்ளது. பிரிப்பேர் ஸ்கீமா கட்டளையை இயக்கும் கணினி, அந்த ஸ்கீமா மாஸ்டர் இருக்கும் அதே டொமைனிலும் அதே தளத்திலும் இருத்தல் வேண்டும். சென்னையில் ஸ்கீமா மாஸ்டர் இருக்க, மதுரைத் தளத்திலுள்ள சேவையகத்திலிருந்து இதனைச் செய்ய முயன்றால், உரிமை முழுமையாக இருந்தும் நிரல் மறுத்துவிடும். தேவையான கருவிகளைக் கொண்ட சென்னைக் கணினி ஒன்றிலிருந்து ஆயத்தப் பணியை முடித்துவிட்டு, மதுரையில் நிறுவலைத் தொடர்வதே இதற்குத் தீர்வு. பணி முடிந்ததும் ஸ்கீமா அட்மின்ஸ் குழுவிலிருந்து அக்கணக்கை நீக்கிவிடுதல் நல்ல பழக்கமாகும்.

3.4 நகலாக்கம்

ஸ்கீமா மாஸ்டரில் எழுதப்பட்ட மாற்றம் மற்ற டொமைன் கன்ட்ரோலர்களுக்குச் சென்று சேரக் காலம் ஆகும். ஒரே தளத்துக்குள் இது விரைவில் நிகழும். தளங்களுக்கு இடையே இயல்பான இடைவெளி 180 நிமிடம். அதனை 15 நிமிடம் வரை குறைக்கலாம். ஸ்கீமாவை விரிவாக்கிய உடனேயே அடுத்த படியைத் தொடங்குவோர், மாற்றம் இன்னும் சென்றடையாத டொமைன் கன்ட்ரோலரிடம் வினவி, பழைய எண்ணையே பெறுகின்றனர். செய்த பணி நிறைவேறவில்லை என்று கருதி மீண்டும் மீண்டும் அதனையே செய்கின்றனர். இங்குத் தேவையானது காத்திருத்தலும் சரிபார்த்தலுமேயாம்.

நகலாக்கம் நின்றே போயிருப்பின் நிலை வேறு. ரெப்அட்மின் கருவியின் சுருக்க அறிக்கை, எந்த இரு சேவையகங்களுக்கிடையே எவ்வளவு காலமாகத் தொடர்பு இல்லை என்பதைக் காட்டும். நீக்கப்பட்ட பொருள்களின் அடையாளத்தை அடைவு வைத்திருக்கும் காலம், பழைய ஃபாரஸ்டுகளில் 60 நாளாகவும், விண்டோஸ் 2003இன் முதல் சேவைத்தொகுப்புக்குப் பின் தொடங்கப்பட்டவற்றில் 180 நாளாகவும் இயல்பாக அமைந்துள்ளது. இக்காலத்தைக் கடந்து பிரிந்திருந்த சேவையகத்தை மீண்டும் இணைத்தால், நீக்கப்பட்ட பொருள்கள் உயிர்பெற்றுத் திரும்பும் அபாயம் உண்டு. அத்தகைய சேவையகத்தைப் பதவி நீக்கிப் புதிதாக அமைப்பதே பாதுகாப்பானது.

3.5 முன்பதிப்புகளோடு கூடி வாழ்தல்

புதிய எக்ஸ்சேஞ்ச், அதே ஃபாரஸ்டிலுள்ள பழைய எக்ஸ்சேஞ்சோடு சில காலம் சேர்ந்து இயங்க வேண்டும். 2019 பதிப்பின் முந்தைய வெளியீடுகள் தம்முடன் 2013ஐ ஏற்றன. ஆனால் அங்குள்ள எல்லா 2013 சேவையகங்களும் 21ஆம் திரட்டு மேம்பாடு அல்லது அதற்குப் பிந்தியதைப் பெற்றிருக்க வேண்டியிருந்தது. 2016 ஆயின் 11ஆம் மேம்பாடு தேவை. 2010 பதிப்பை அது ஏற்காது. 2010இலிருந்து வருவோர் 2013 அல்லது 2016 என்னும் இடைப்படியில் கால் வைத்தே ஏற வேண்டியிருந்தது.

இந்தச் சோதனையை நிரல் அடைவிலுள்ள பதிவுகளைக் கொண்டே செய்கிறது. அணைத்து வைக்கப்பட்ட பழைய எக்ஸ்சேஞ்ச் சேவையகமும் அடைவின் கணக்கில் இருப்பதாகவே கொள்ளப்படும். முறைப்படி நீக்கல் நிரலை இயக்காமல் சேவையகத்தை மட்டும் கழித்துவிட்ட இடங்களில் இத்தடை எழுகிறது.

இணக்கம் இருபுறமும் பொருந்த வேண்டியது என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. புதிய எக்ஸ்சேஞ்சுக்காக டொமைன் கன்ட்ரோலர்களை மிகப் புதிய விண்டோஸுக்கு மாற்றினால், இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் பழைய எக்ஸ்சேஞ்ச் அவற்றை ஏற்காதிருக்கலாம். இரண்டு எக்ஸ்சேஞ்ச் பதிப்புகளும் ஏற்கும் விண்டோஸ் பதிப்பு எதுவென்று உற்பத்தியாளரின் ஆதரவு அட்டவணையில் கண்டு, இடைக்காலத்துக்கு அதனையே தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

3.6 நிறுவிய பின் தோன்றும் இணக்கமின்மை

நிறுவல் முடிந்தும் சேவைகள் தொடங்காத நிலையும் உண்டு. அப்பொழுது நிகழ்வுப் பதிவேட்டில் எக்ஸ்சேஞ்சின் அடைவு அணுகல் பகுதி எழுதும் 2080 என்னும் எண்ணுடைய குறிப்பு பெரிதும் உதவும். எக்ஸ்சேஞ்ச் கண்ட ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் ஒரு வரியாக அதில் இடம்பெறும். ஒவ்வொரு வரியிலும் எண்கள் நிரலாக நிற்கும். எட்டும் தன்மையைக் குறிக்கும் நிரலில் 7 இருந்தால், குளோபல் கேட்டலாக், டொமைன் கன்ட்ரோலர், கட்டமைப்பு ஆகிய மூன்று வகைத் தொடர்பும் கிடைத்தன என்பது பொருள். 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகையே அந்த 7.

சாக்ல் உரிமை என்னும் நிரலில் 1க்கு மாறாக 0 இருந்தால், அந்த டொமைன் கன்ட்ரோலரை எக்ஸ்சேஞ்ச் பயன்படுத்தாது. தணிக்கைப் பதிவையும் பாதுகாப்புப் பதிவையும் மேலாளும் உரிமை எக்ஸ்சேஞ்ச் சர்வர்ஸ் குழுவுக்கு இல்லை என்பதை இது காட்டும். பிரிப்பேர் டொமைன் படி இவ்வுரிமையை டொமைன் கன்ட்ரோலர்களுக்குரிய கொள்கையில் எழுதிவிடுகிறது. பின்னர் எவரேனும் வேறொரு குழுக்கொள்கையால் அதே அமைப்பை மேலெழுதியிருப்பின் உரிமை மறைந்துவிடும். இங்குப் பிழை மின்னஞ்சல் சேவையகத்தில் இல்லை; பாதுகாப்பை இறுக்கும் நோக்கில் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட கொள்கை மாற்றத்தில் உள்ளது.

4. குறுக்குவழிகளின் விலை

தடையைக் கண்டவுடன் அதனைச் சுற்றிச் செல்லும் வழிகளை நாடுவது மனித இயல்பு. அடைவைப் பொறுத்தவரை அவ்வழிகளின் விலை மிகுதி. ஸ்கீமாவில் சேர்க்கப்பட்ட வகுப்பையோ பண்பையோ செயலிழக்கச் செய்யலாமேயன்றி நீக்க இயலாது. எக்ஸ்சேஞ்சை முற்றிலும் அகற்றினாலும் அது விரித்த ஸ்கீமா அடைவில் நிலைத்திருக்கும்.

டொமைன் கன்ட்ரோலரின் மெய்ந்நிகர் நிலைப்படத்துக்குத் திரும்பிச் சென்றால் மாற்றம் மறைந்துவிடும் எனச் சிலர் நம்புகின்றனர். ஒரு சேவையகத்தைப் பின்னுக்கு இழுத்தால், மற்றவை புதிய ஸ்கீமாவை அதற்கு மீண்டும் அளித்துவிடும். பழைய விண்டோஸ் பதிப்புகளிலோ வரிசையெண்கள் பிறழ்ந்து நகலாக்கமே சிதையும். உண்மையில் பின்செல்ல விரும்பினால், ஃபாரஸ்ட் முழுவதையும் காப்புநகலிலிருந்து மீட்க வேண்டியிருக்கும். அதன்பொருட்டு நிறுவனத்தின் எல்லாப் பணிகளும் நிற்க வேண்டும்.

ஏடிஎஸ்ஐ எடிட் கருவியால் பதிப்பெண்ணைக் கையால் திருத்துவதும், பழைய எக்ஸ்சேஞ்ச் சேவையகத்தின் பதிவைக் கட்டமைப்புப் பகுதியிலிருந்து நேரடியாக அழிப்பதும் இத்தன்மையனவே. எண்ணை உயர்த்தினால் நிரல் ஏமாறும். எண் குறிக்கும் பண்புகள் உருவாகா. பதிவை அழித்தால் சோதனை கடக்கும். அப்பதிவைச் சுட்டி நின்ற அஞ்சற்பெட்டித் தரவுத்தளங்களும் இணைப்பான்களும் தொங்கி நிற்கும்.

எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்துக்கு இடும் பெயரும் திருத்த இயலாத முடிவுகளுள் ஒன்று. முதன்முறை அடைவை ஆயத்தம் செய்கையில் நிரல் அப்பெயரைக் கேட்கும். அது 64 எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது. ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, இடைவெளி ஆகியவையே ஏற்கப்படும். அடைவு யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கவல்லது என்பதால் பணியாளரின் காட்சிப்பெயரைத் தமிழிலேயே எழுதலாம். நிறுவனப் பெயருக்கு அவ்வுரிமை இல்லை. சோதனைக்காக இடப்பட்ட விளையாட்டுப் பெயரும் பின்னர் மாறாது நிற்கும்.

5. தீர்வின் வரிசை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், பணியின் வரிசை பின்வருமாறு அமைதல் வேண்டும்.

முதலில், எதையும் மாற்றாமல் அளத்தல். டொமைன் கன்ட்ரோலர்களின் பட்டியல், அவற்றின் விண்டோஸ் பதிப்பு, செயல்நிலை, மூன்று பகுதிகளின் பதிப்பெண்கள், ஸ்கீமா மாஸ்டரின் இடம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். இரண்டாவதாக, டிசிடயாக், ரெப்அட்மின் ஆகிய கருவிகளால் அடைவின் நலத்தையும் நகலாக்கத்தையும் சோதித்துப் பிழைகளைத் தீர்த்தல் வேண்டும். மூன்றாவதாக, எஞ்சிய பதிவுகளை முறைப்படி களைந்து, பழைய டொமைன் கன்ட்ரோலர்களை மாற்றிச் செயல்நிலையை உயர்த்தல் வேண்டும். நான்காவதாக, ஏற்கெனவே உள்ள எக்ஸ்சேஞ்ச் சேவையகங்களைத் தேவையான திரட்டு மேம்பாட்டுக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு டொமைனிலும் காப்புநகல் எடுத்து, அதனை வெளித்தொடர்பற்ற தனிவலையில் மீட்டு, அங்கே ஸ்கீமா விரிவாக்கத்தை ஒருமுறை ஒத்திகை பார்த்தல் வேண்டும். காப்புநகல் மீளுமா என்பதும் இதனால் தெரியவரும். ஆறாவதாக, ஸ்கீமா, கட்டமைப்பு, டொமைன் என்னும் வரிசையில் ஆயத்தக் கட்டளைகளை இயக்கி, ஒவ்வொன்றின் பின்னும் எண் உயர்ந்ததா, அவ்வுயர்வு எல்லாச் சேவையகங்களையும் அடைந்ததா என்று பார்த்தல் வேண்டும். இவையனைத்தும் நிறைவுற்ற பின்னரே மென்பொருளை நிறுவுதல் முறையாகும்.

இவ்வரிசையில் முதல் நான்கு படிகளுக்கே பெரும்பகுதி நேரம் செல்லும். நிறுவலுக்கென ஒரு வார இறுதியை ஒதுக்குவோர், அளத்தலுக்கும் சீர்செய்தலுக்கும் சில வாரங்களை ஒதுக்கியிருத்தல் வேண்டும். அந்தக் காலத்தைத் தர மறுக்கும் நிருவாகத்துக்கு, மீட்க இயலாத மாற்றம் எது என்பதை எடுத்துரைப்பது தொழில்நுட்பப் பணியாளரின் கடமையுமாகும்.

முடிவுரை

எக்ஸ்சேஞ்ச் தன் சொந்த அடைவை விட்டுப் பொது அடைவைச் சார்ந்த நாள்முதல், மின்னஞ்சல் சேவையக நிறுவல் என்பது அடைவைத் திருத்தும் பணியாகவும் ஆயிற்று. பெயர்த்தீர்வு, செயல்நிலை, உரிமை, நகலாக்கம், முன்பதிப்பு, கொள்கை ஆகிய ஆறு இடங்களில் இணக்கமின்மை தோன்றுகிறது என்பதையும், அவற்றுள் பெரும்பாலானவை நிறுவலுக்கு முன்பே அடைவில் இருந்த குறைகள் என்பதையும் மேற்கண்ட விளக்கத்தால் அறியலாம். நிறுவல் நிரல் அக்குறைகளை வெளிக்காட்டுகிறது, உண்டாக்குவதில்லை.

ஆகவே தடைச்செய்தி தோன்றும் கணம், பணி தோல்வியுற்ற கணமாகக் கருதப்பட வேண்டியதில்லை. இன்னும் எதுவும் எழுதப்படாத நிலையில், திருத்திக்கொள்ள எஞ்சியிருக்கும் இறுதி வாய்ப்பு அதுவேயாகும். அச்செய்தியைப் பொறுமையுடன் படித்து, அது சுட்டும் பகுதியைச் சீர்செய்த பின் தொடர்வோருக்கு நிறுவல் எளிதில் முடிகிறது; அடைவும் முன்னைவிட நலமுடன் எஞ்சுகிறது.